சாணுக்கு ஒரு விரல்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரிப்பதை நீங்கள் பிறகு வைத்துக்கொள்ளலாம். பத்து வயதில், ஓர் ஆடி மாதத்தில், என் சித்தப்பாவைக் கொன்றுவிட்டதாக நான் நம்பினேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக ஏழு நாள். கொலைக்கருவி ஒரு லாரி. நீளம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மண்ணெண்ணெய்த் தகரத்திலும் பனைமட்டையிலும் நானே செய்தது.

என் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. வெட்டிப்போட்ட நுங்குக் காய்களைக் கவைக்குச்சியில் மாட்டி வண்டி ஓட்டாதவர் நம்மில் யார்? ஆனால் வாயால் 'டுர்ர்ர்' என்று சொன்னால் அது லாரியாகிவிடும் என்று நீங்களெல்லாம் சமாதானம் ஆகிவிட்டீர்கள். நான் ஆகவில்லை. லாரி என்றால் எனக்கு லாரியே வேண்டும். கதவு திறக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்ப வேண்டும். பின்னால் சக்கரம் ஜோடி ஜோடியாக நாலு இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. நிற்பது தமிழ்நாட்டிலா கேரளத்திலா என்று பனைமரங்கள் கவலைப்படாத பக்கம். ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்று பகல் முழுக்கப் பனையோலைகளை உலுக்கிக்கொண்டே இருக்கும். இப்போது என் காதில் கேட்கிற இரைச்சலை வயசுக் கோளாறு என்கிறார் டாக்டர். எனக்கென்னவோ அந்தக் காற்று இன்னும் ஓயவில்லை என்றுதான் தோன்றுகிறது.

வீட்டில் அப்பாவுக்கு வயல், சித்தப்பாவுக்கு லாரி. மூக்கு நீண்ட பழைய லாரி அது. ஞாயிற்றுக்கிழமை வேப்பம்புண்ணாக்கு மூட்டைகளோடு கிளம்பி, பொள்ளாச்சி, பழனி, தேனி என்று போய், போடிமெட்டு வளைவுகளில் முனகிக்கொண்டே ஏறி, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் உரமாக இறக்கிவிட்டு, புதன்கிழமை திரும்பும். போகும்போது வேம்பின் கசப்பு நெடி, வரும்போது தார்ப்பாய் முழுக்க ஏல வாசனை. சித்தப்பாவின் சட்டையிலும் அதே வாசனை இருக்கும். அது அத்தைக்குப் பிடிக்காது. அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள்; கணவர் போனபிறகு எங்களோடு வந்து இருந்தவள்; எங்கள் வீட்டின் ஆர்.டி.ஓ.

"குடிச்சுப்போட்டு வாய்க்கு ஏலக்காயப் போட்டுட்டு வர்றான். எனக்குத் தெரியாதாக்கும்!" என்பாள் வாசலிலேயே.

"சட்டைக்கும் ஏலக்கா போடுவாங்களாக்கா?" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே கால் கழுவுவார்.

அப்பா சிரிக்க மாட்டார். அவர் கோபம் ஊரறிந்தது. முந்தின வருஷம், அத்தை பார்த்துவைத்த பெண்ணை வேண்டாம் என்று சித்தப்பா சொன்னபோது, அப்பா மாட்டுவண்டியிலிருந்து முளைக்குச்சியை உருவிக்கொண்டு அவரை வைக்கோல்போரைச் சுற்றித் துரத்தினார். முப்பது வயது ஆள் ஓடினார். "அண்ணா, வேட்டி அவுருதுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று மரியாதை குறையாமல்தான் ஓடினார். ஆனாலும் ஓர் அடி முதுகில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு நான் தொழுவத்துக்குள் போய்ப் பசுவின் பின்னால் நின்றுகொண்டேன். "இன்னொருக்கா என்ற பேச்ச மீறுனா உன்னக் கொன்னே போடுவன்" என்றார் அப்பா. அவர் சொன்னால் செய்வார் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். சித்தப்பாவும் நம்பினார்.

அந்த லாரியைத்தான் நான் சின்னதாக்கினேன். என் சாண் ஒன்றுக்கு என் விரல் அகலம் ஒன்று, அதுதான் கணக்கு. பெரிய லாரி வாசலில் நிற்கிற நாட்களில் அதன்மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு சாண் போடுவேன். என்ஜின் மூடி இன்னும் சூடாக இருக்கும். வயிற்றில் அந்தச் சூடு ஏறும்.

"வண்டிய எதுக்குடா கட்டிப் புடிச்சிட்டுப் படுத்திருக்கற? எறங்கு கீழ" என்பார் அப்பா.

கேபினுக்குத் தகரம். பாடிக்குப் பனைமட்டை. அடியில் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைக்கு உடைந்த அலாரம் கடிகாரத்தின் சுருள், வெட்டி நாலு அடுக்காக வைத்தது. அச்சுக்குக் குடைக்கம்பி. முகப்பு விளக்குக்கு ஆஸ்பத்திரி ஊசிமருந்துக் குப்பியின் அடிப்பாகம் இரண்டு. டயருக்கு அப்பாவின் ரப்பர் செருப்பு. அதற்கு உதை வாங்கியது எங்கள் நாய். இன்றுவரை அந்த நாயிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முன் கண்ணாடிதான் பெரிய பாடு. அத்தை ஒருமுறை வழுக்கி விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரே படம் பரணில் கிடந்தது. சலவைச் சோடாவும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் கறுப்பு போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். தேய்த்தேன். ஆனாலும் ஓரத்தில் அத்தையின் விலா எலும்பு ஒன்று மட்டும் மங்கலாகத் தங்கிவிட்டது. அந்த எலும்பின் வழியாகத்தான் அந்த வருஷம் நான் உலகத்தைப் பார்த்தேன்.

அந்தப் புதன்கிழமை வந்த சித்தப்பா குனிந்து என் லாரியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அட சாமி, என்ற வண்டியவே களவாண்டுட்டயா?" பிறகு கண்ணைச் சுருக்கினார். "எல்லாஞ் சரி. அடியில அச்சும் பட்டையுந் தவர ஒண்ணையுங் காணமே. வண்டியே அடியிலதானடா இருக்குது?"

அவமானத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே அடியில் சேஸிஸ் வைத்து, டீசல் டேங்க்கும் புகைக்குழாயும் சேர்த்தேன்.

செய்து முடித்த பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? மத்தியானங்களில் வாசல் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப் பார்த்தால் லாரி மெல்லப் பெரிதாகும். கன்றுக்குட்டியின் கால்கள் நாலு பனைமரங்கள். கொத்திக்கொண்டே போகிற கோழி, சாலையைக் கடக்கிற யானை. நான் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பேன். தரையின் வெடிப்பில் எறும்புகள் சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கும். காற்று தூசியைத் தூக்கிவந்து பரப்பும்போது அது மலைமேல் இறங்குகிற மூடுபனி. நான் பார்த்தேயிராத சாந்தன்பாறைக்கு அப்படி எத்தனை முறை போயிருப்பேன்! எங்கே தூக்கம் முடிகிறது, எங்கே போடிமெட்டு தொடங்குகிறது என்று தெரியாது. அம்மா வந்து எழுப்பும்போது கன்னத்தில் சிமெண்டு அச்சு இருக்கும்.

இப்படிக் கிடந்தவனுக்குத்தான் அந்தப் புத்தி வந்தது.

ஒருநாள் என் லாரியின் இடது விளக்கு விழுந்து உடைந்தது. மறுநாள் சித்தப்பா இடது விளக்கு உடைந்த லாரியோடு வந்தார். செக்போஸ்ட்டில் மாட்டுவண்டியின் நுகத்தடி இடித்ததாம். நான் இரண்டு லாரிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். சோதித்துப் பார்க்கலாம் என்று என் லாரியின் பம்பரில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். இரண்டு வாரத்தில் பெரிய லாரியின் பம்பரில் மஞ்சள் கோடு! சித்தப்பா என்னுடையதைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பொள்ளாச்சியில் பெயிண்டரிடம் போடச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிறகு புகைக்குழாயில் களிமண் அடைத்தேன். மறுநாள் காலை பெரிய லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. பத்து நாளில் ஏழு நாள் அது ஸ்டார்ட் ஆகாது என்கிற விஷயத்தை என் ஆராய்ச்சி கணக்கில் எடுக்கவில்லை.

முடிவு தெளிவாக இருந்தது. சின்ன லாரிக்கு நடப்பது பெரிய லாரிக்கு நடக்கும். உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான். அன்றுமுதல் சின்ன லாரியைக் கட்டிலுக்கடியில் துண்டு போர்த்தி நிறுத்தினேன். மழை வந்தால் எழுந்து அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு மனிதனின் உயிரைச் சுமந்து திரிகிறவனுக்கு வீட்டுப்பாடம் எழுத எப்படி நேரம் இருக்கும்? வாத்தியாருக்கு அது புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கிளம்பினார். கூடவே கிளீனர். எங்கள் கிளீனர் சித்தப்பாவைவிட இருபது வயது மூத்தவர். லாரியின் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பதைத் தவிர வேறெதையும் கிளீன் செய்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சித்தப்பா புது வேட்டி கட்டியிருந்தார். புண்ணாக்கு லோடுக்குப் புது வேட்டியா என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் லாரியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். ஏனென்றால் திங்கட்கிழமைதான் சித்தப்பா போடிமெட்டு ஏறுகிற நாள். நானும் கூட ஏறினால் அவருக்குச் சுலபமாக இருக்கும் என்று ஒரு நல்லெண்ணம். கரைச் சரிவில் ஈர மண்ணை வெட்டி வளைவு வளைவாகச் சாலை போட்டு வைத்திருந்தேன். வாய்க்காலில் அணைத் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவதில், காற்று பனையோலை ஒன்றைப் பிய்த்து என் முதுகில் போட்டது. பயந்து கையை விட்டேன்.

லாரி சத்தமே இல்லாமல் விழுந்தது. முதலில் மிதந்தது. தண்ணீர்மேல் அது திரும்பி என்னைப் பார்த்தது, அத்தையின் எலும்பு வழியாக. கரையோடு ஓடினேன். கை நீட்டினேன். எட்டவில்லை. அது பாலத்துக்கடியில் போனது. அந்தப் பக்கம் போய் நின்றேன். தண்ணீர் வந்தது, நுரை வந்தது, ஒரு தேங்காய் மட்டை வந்தது. லாரி வரவில்லை.

புதன்கிழமை வந்தது. சித்தப்பா வரவில்லை.

வியாழக்கிழமையும் வரவில்லை. தந்தியும் இல்லை. "எங்கியாச்சும் குடிச்சுப்போட்டு உழுந்து கெடப்பான்" என்று ஆரம்பித்த அத்தை, மத்தியானத்துக்குமேல் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அப்பா சாலை வரை போய்ப் போய்த் திரும்பினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? புதிதாக ஒரு லாரி செய்ய ஆரம்பித்தேன். இன்னொரு லாரியைச் செய்து நிறுத்திவிட்டால் பெரிய லாரியும் பள்ளத்திலிருந்து எழுந்து நிற்கும் என்பது யோசனை. பள்ளிக்கூடம் போகாமல் தொழுவத்தில் உட்கார்ந்து தகரம் வெட்டினேன். விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. சாண் கணக்கெல்லாம் மறந்து, ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குட்டையாக, சவப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

அத்தை பார்த்துவிட்டாள். "ஏன்டா, ஊட்ல ஒருத்தருஞ் சோறு தண்ணி இல்லாமக் கெடக்கறாங்கொ, உனக்கு வெளையாட்டு கேக்குதா?" ஒரே வீச்சில் அது கூரைமேல் போய் விழுந்தது. ஓடுகளில் கடகடவென்று உருண்டு அந்தப் பக்கம் கிணற்றடியில் விழுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது விபத்து. நான் அலறிய அலறலில் அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன கண்ணு? என்னாச்சு சாமி?"

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "லாரி உழுந்திருச்சும்மா" என்பதுவரை சொன்னேன். அதற்குமேல் அம்மா விடவில்லை. வாயைக் கையால் பொத்திவிட்டாள். அவள் கை மஞ்சளும் புகையுமாக மணந்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொழந்த வாயில வந்திருச்சே" என்றாள் அத்தை.

பாருங்கள், நான் கொடுத்தது குற்ற வாக்குமூலம். அவர்கள் எடுத்துக்கொண்டது அருள்வாக்கு. அன்றைக்கே முடிவாகிவிட்டது: மறுநாள் வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயிலில் பூக் கேட்பது என்று.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். கேள்வியைச் சொல்லிவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுப்பது குழந்தையாக இருக்க வேண்டும். குழந்தையின் கை பாவம் செய்யாத கை அல்லவா?

"வெள்ள வந்தா நல்லபடியா இருக்கறான், வந்துருவான்னு அர்த்தம்" என்றார் பூசாரி. "செவப்பு வந்தா ஏதோ ஆயிப்போச்சு, ஆளு போயிப் பாக்கோணும். கண்ண மூடிட்டு ஒண்ண எடு சாமி."

கொலைகாரனை அழைத்து வந்து தீர்ப்பு எழுதச் சொல்கிறார்கள். அம்மனைப் பார்த்தேன்; அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் பயத்திலும் எனக்கு ஒன்று விளங்கியது: வெள்ளை வந்தால் இவர்கள் சும்மா வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவது வளைவுக்குக் கீழே சித்தப்பா லாரிக்கடியில் கிடப்பார், ஒருத்தரும் போகமாட்டார்கள்.

கண்ணை மூடினேன். முதல் பொட்டலத்தைத் தொட்டேன். மெத்தென்று, உதிரி மல்லிகை. இரண்டாவதைத் தொட்டேன். உள்ளே நீளமாக ஒரு காம்பு. என் விரலுக்கு இரண்டு விரல் நீளம் இருக்கும். மாதக்கணக்காக விரலாலேயே உலகத்தை அளந்தவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? செம்பருத்திதான். அம்மன் சன்னதியில், பாவம் செய்யாத கையால், திருட்டுத்தனமாக நான் சிவப்பை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்பா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி எதையாவது பிடித்துக்கொண்டு நின்று நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார். அத்தை அவர் பையில் ஒரு கோடித் துணி வைத்தாள், பிணத்துக்குப் போர்த்த. அம்மா அதை எடுத்து வெளியே போட்டாள். "இதயெல்லாங் கொண்டுட்டுப் போவேண்டாங்க" என்றாள். அப்பா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெறும் பையோடு போனார். முதல்நாளிலிருந்து அவர் சவரம் செய்யவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஒரு கனவுக்குள் இருந்தேன். காய்ச்சல் என்றார்கள். விபூதி வைத்தார்கள். கண்ணை மூடினால் தண்ணீருக்கடியில் ஒரு சாலை தெரியும். அதில் ஒரு லாரி விளக்குப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். மீன்கள் ஒதுங்கி வழிவிடும். ஓட்டுகிறவர் முகம் மட்டும் தெரியாது. அதைப் பார்த்துவிடலாம் என்று கூடவே நீந்துவேன். பார்க்கும் முன்னால் யாராவது கஞ்சி கொடுக்க எழுப்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சாலையில் ஹாரன் கேட்டது. எங்கள் லாரியின் ஹாரன், தொண்டை கட்டிய எருமைக் குரல். நான் போர்வையோடு வாசலுக்கு ஓடினேன். லாரி நின்றது. நசுங்கவில்லை, கவிழவில்லை, கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மேலே தார்ப்பாய்மேல் கிளீனர் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கில் சித்தப்பா. இந்த ஓரத்தில் அப்பா. நடுவில், கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஒரு பெண்.

அவள் இறங்கி, புது மஞ்சள் கயிறு கழுத்தில் தெரிய, அத்தையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஏல வாசனை வாசல் முழுக்கப் பரவியது. ஏலம் காயவைக்கிற ஸ்டோரில் காய் பிரிக்கிறவளாம். சட்டைக்கு ஏலக்காய் எங்கிருந்து வந்தது என்று அத்தைக்கு அந்த நிமிஷம் விளங்கியிருக்கும்.

"உள்ள வரலாமா மதினி?" என்று கேட்டாள், எங்களுக்குப் பழக்கமில்லாத தெற்கத்திப் பேச்சில்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். வேறு சாதி, வேறு ஊர், கேட்காமல் கட்டியது, அதுவும் ஆடியில். முளைக்குச்சி எப்போது உருவப்படும் என்று எல்லோரும் காத்து நின்றோம். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன பாத்துட்டு நிக்கறீங்கொ? ஆரத்தி எடுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்குக் கோபம் வராத அதிசயம், லாரி விழாத அதிசயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாள் கிளீனர் கிணற்றடியில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

லாரி எங்கேயும் விழவில்லை. திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் அது பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. புதன்கிழமை, தோட்டத்துப் பிள்ளையார் கோயிலில் சித்தப்பா கல்யாணம் செய்துகொண்டார். அதன்பிறகு கீழே வரப் பயம். அண்ணன் கொன்றுபோடுவார் என்று வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பெண்வீட்டில் உட்கார்ந்திருந்தார். கடைசியில், திங்கட்கிழமை காலை லாரியைக் கிளீனர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, தான் இனி ஊருக்கே வருவதில்லை, அங்கேயே தோட்ட வேலைக்குச் சேர்ந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா போய் நின்றார். சித்தப்பா புது மாப்பிள்ளை வேட்டியோடு வாசலில் உட்கார்ந்து ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் ஓட எழுந்தார். ஆனால் அப்பா பிணம் எடுக்கப் போனவர். இரண்டு நாள் பஸ்ஸிலும் ஜீப்பிலும் தம்பியைச் செத்தவனாகவே நினைத்துக்கொண்டு வந்தவர். ஓடப்போனவரைப் பிடித்து, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிப் பார்த்தாராம். கழுத்தைத் தொட்டாராம், தோளைத் தொட்டாராம். "எங்கியும் அடிகிடி படலியே?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற பெண் யார் என்று கேட்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. கேட்டபோது கோபப்பட மறந்துபோயிருந்தது.